காலமைன் லோஷன்: அம்மை போட்ட வீட்ல இது எவ்ளோ தூரம் கை கொடுக்கும்?

ஆன்லைன்ல காலமைன் லோஷன் ரிவ்யூ தேடினா முக்கால்வாசி முகப்பரு, ஆயில் ஸ்கின், மேக்கப்புக்கு அடியில போடலாமா, இதுதான் வருது. அம்மை போட்டிருக்கு, புள்ள ராத்திரி பூரா சொறியறான், இதை வாங்கலாமா வேணாமான்னு தேடுறவங்களுக்கு ஒண்ணுமே உருப்படியா இல்ல. எங்க வீட்ல இந்த கோடையில பையன்ல ஆரம்பிச்சு எங்க வீட்டுக்காரர் வரைக்கும் வரிசையா சின்னம்மை வந்து போச்சு, பாட்டில் பாட்டிலா இந்த ரோஸ் கலர் லோஷன் தீந்துச்சு, அதனால இதைப் பத்தி எனக்கு சொல்ல நிறைய இருக்கு.

முதல்ல ஒரே வரியில சொல்லிடறேன். இது அரிப்பை அடக்கும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. அம்மையை இறக்காது, கொப்புளம் வராம தடுக்காது, அடுத்தவங்களுக்கு ஒட்டறதையும் தடுக்காது. இது தெரிஞ்சு வாங்கினா நல்ல பொருள். இதைத் தடவிட்டோம் வைத்தியம் ஆச்சுன்னு உக்காந்தா ஆபத்து, முக்கியமா வீட்ல பெரியவங்களுக்கு வந்தா. அதைக் கீழ சொல்றேன்.

வாங்கறப்பவே ஒரு குழப்பம் இருக்கு. நான் முதல்ல ஒரு ஆப்ல ஆர்டர் போட்டேன், பேர் வேணாம், காலமைன் லோஷன்னு தேடித்தான் போட்டேன், வந்தது முகத்துக்குப் போடற அழகு சாதன லோஷன், பேர்ல மட்டும் காலமைன் இருக்கு, வாசனை வேற தூக்குது. திருப்பி எடுத்துக்கோங்கன்னா இந்த வகைப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதுன்னு ஒரு மெசேஜ், அப்புறம் கஸ்டமர் கேர்ல யாரும் பேசவே இல்ல. கடைசில எங்க தெருமுனை மெடிக்கல்ல இருக்கற அக்காதான் சரியானதை எடுத்துக் குடுத்தாங்க. அவங்க சொன்னது: பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிங்க, காலமைன் 15 சதவீதம், ஜிங்க் ஆக்சைடு 5 சதவீதம்னு போட்டிருந்தா அது பழைய முறைப்படி செஞ்ச மருந்து லோஷன், அரிப்புக்கு அதுதான். ரோஸ் கலர் வர்றது அதுல சேர்ற துளி இரும்பு ஆக்சைடாலதானாம், சாயம் இல்ல.

இன்னொண்ணும் சொன்னாங்க, இது ரொம்ப முக்கியம். சில லோஷன்ல காலமைனோட டைஃபென்ஹைட்ரமின்னு ஒரு அலர்ஜி மருந்தும் கலந்து வரும். சாதாரணமா ஒரு பூச்சிக்கடிக்குப் போட்டா பரவால்ல, ஆனா அம்மையில உடம்பு பூரா கொப்புளம் உடைஞ்சு கிடக்கும்போது தலையில இருந்து கால் வரைக்கும் அதைப் பூசினா மருந்து தோல் வழியா உள்ள இறங்கிடும், அதுக்கு மேல அரிப்புக்கு சிரப்பும் குடுத்தா ரெண்டும் சேர்ந்து சின்னப் புள்ளைங்களுக்கு டோஸ் எகிறிடும். அதனால அம்மைக்கு வெறும் காலமைன் மட்டும் இருக்கறதா பாத்து வாங்குங்க. கைக்குழந்தைன்னா டாக்டரைக் கேக்காம தொடவே தொடாதீங்க, இந்த லோஷன்ல ஃபீனால்னு ஒரு கிருமிநாசினி இருக்கு.

விலை கம்பெனிக்கு கம்பெனி மாறுது, ஆனா 100 மில்லி பாட்டில் இந்த வெயில்ல ரெண்டு மூணு இளநீர் வாங்கற காசுக்குள்ள முடிஞ்சிடும். பெரியவங்களுக்குன்னா ஒரு பாட்டில் பத்தாது. பையனுக்கு நிதானமாத்தான் தீந்துச்சு, அவருக்கு முதுகு ஒண்ணுக்கே அவ்ளோ போச்சு.

இப்ப போடற விதம். பாட்டிலை நல்லா குலுக்கணும், சும்மா ரெண்டு ஆட்டு ஆட்டறது இல்ல, அடியில களிமண்ணு மாதிரி படிஞ்சிருக்கறது மேல வர்ற வரைக்கும். குலுக்காம ஊத்தினா மேல நிக்கற தண்ணிதான் வரும், போட்டும் பிரயோஜனம் இல்ல. பஞ்சுல தொட்டு வைங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, பஞ்சு பாதி லோஷனைக் குடிச்சிடுது, மீதி நூல் நூலா கொப்புளத்துல ஒட்டிக்குது. நாங்க பழைய வெள்ளை வேட்டியைக் கிழிச்சு துவைச்சுக் காய வச்சு, சின்னச் சின்னத் துண்டா நறுக்கி வச்சுகிட்டோம். லோஷனை ஒரு கிண்ணத்துல கொஞ்சமா ஊத்தி, துணியில தொட்டு ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது, தேய்ச்சா கொப்புளம் உடைஞ்சிடும். உடம்புல பட்ட துணியை திரும்ப பாட்டிலுக்குள்ள விடக் கூடாது, ஒரு தடவை தொட்ட துணி அப்படியே குப்பைக்கு.

போட்ட உடனே சில்லுனு இருக்கும், பையன் கண்ணை மூடிகிட்டு "இன்னும் வை, இன்னும் வை"ன்னு முதுகைக் காட்டிகிட்டே இருப்பான். அந்த ஈரம் காயறப்பதான் குளிர்ச்சி, காய்ஞ்சு பவுடரா உக்காந்த பிறகு குறைஞ்சிடும். ஒரு மணி நேரம் நிம்மதி, சில சமயம் அதுவும் இல்ல. பகல்ல டிவி, கேரம்போர்டுன்னு சமாளிச்சிடலாம், ராத்திரிதான் கஷ்டம். அதுக்கு டாக்டர் அரிப்புக்கு ஒரு சிரப் எழுதிக் குடுத்தார், தூங்கப் போறதுக்கு முன்னாடி அதைக் குடுத்து, மேல லோஷனும் போட்டு, நகத்தை ஒட்ட வெட்டி, கையில அவன் ஸ்கூல் சாக்ஸை மாட்டி விட்டா ஓரளவு விடியற வரைக்கும் ஓடும்.

பலரும் கவனிக்காத ஒண்ணு, பழைய லோஷனைத் துடைக்காம மேல மேல அப்பிகிட்டே போறது. அது காரை மாதிரி கட்டிகிட்டு தோல் வறண்டு இழுக்கும், அப்புறம் அந்த இழுப்பே அரிக்கும். வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சு மெதுவா ஒத்தித் துடைச்சிட்டு, காய விட்டு, அப்புறம் அடுத்தது. எங்க வீட்ல இந்த இடத்துலதான் பெரிய பஞ்சாயத்து.

எங்க அத்தைக்கு (மாமியார்) திருச்சிப் பக்கம், சமயபுரத்தா மேல உயிரு. பையன் நெஞ்சுல முதல் முத்தைப் பாத்த உடனே "அம்மா வந்திருக்கா"ன்னு சொல்லிட்டு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு சாமி படத்துக்கு முன்னாடி வச்சுட்டாங்க, வாசல்ல வேப்பிலை சொருகியாச்சு, தாளிப்பு கட், எண்ணெய் கட், கறி மீன் கட், வர்றவங்க யாரும் உள்ள வரக் கூடாது, நாங்களும் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் குளிப்பாட்டக் கூடாது. ஊசி மருந்து எதுவும் கூடாது, அம்மா கோச்சுக்குவா. டாக்டரோ தினமும் வெதுவெதுப்பா குளிக்க வைங்க, சுத்தமா இருந்தாதான் கொப்புளத்துல சீழ் பிடிக்காதுன்னு சொல்றார். நடுவுல நான்.

இந்த வீட்ல டாக்டரும் அத்தையும் சண்டை போடாம ஒத்துகிட்ட ஒரே பொருள் இந்த லோஷன்தான். ஏன்னா அத்தை விரல்ல தொட்டுப் பாத்துட்டு "சில்லுனு இருக்கே, உடம்புக்கு குளிர்ச்சிதான, வையி"ன்னுட்டாங்க. அவங்க கணக்குல அது மருந்து இல்ல, சந்தனம். அதுக்கப்புறம் என்னைவிட அவங்கதான் நேரம் பாத்து வச்சாங்க. குளியல் விஷயத்துல நான் வேப்பிலையைப் போட்டு கொதிக்க வச்சு ஆறின தண்ணியில துடைச்சு விடறேன்னேன், "துடைக்கறது தண்ணி ஊத்தறதுல சேராது"ன்னு அவங்களே ஒரு தீர்ப்பு சொல்லிட்டாங்க. டாக்டர்கிட்ட கேட்டா அவருக்கும் அது ஓகே. அரைச்ச மஞ்ச வேப்பிலையை மட்டும் பச்சைக் கொப்புளத்து மேல வேணாம், அம்மியில அரைச்சது உடைஞ்ச புண்ணுல படக் கூடாதுன்னு கறாரா சொன்னார், அத்தை அதை மூணாந்தண்ணிக்கு தள்ளி வச்சாங்க, அப்ப எல்லாம் பொருக்கு கட்டியாச்சு.

பத்தியத்தைப் பத்தி கிண்டல் பண்றவங்க இருக்காங்க, எனக்கு அப்படித் தோணல. வாய்க்குள்ள புண்ணா இருக்கற புள்ளைக்கு காரம், தாளிப்பு இல்லாத மோர் சாதம், இளநீர், நுங்கு, பானகம் இதைவிட எதைக் குடுக்கறது? சமயபுரத்துல மாரியம்மனே மாசி கடைசி ஞாயித்துக்கிழமைல இருந்து 28 நாள் பச்சைப் பட்டினி இருப்பா, அந்த நாள்ல சமைச்ச நைவேத்தியம் கிடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான். அம்மை பரவற சீசனும் கிட்டத்தட்ட அதேதான். வாசல்ல வேப்பிலையைப் பாத்தா பால்காரர்கூட வெளியில வச்சிட்டுப் போயிடறார், எந்த போர்டு மாட்டினாலும் இப்படி மதிப்பு கிடைக்காது.

போட்டிப் பொருள்னு ஒண்ணை சொல்லணும்னா வேப்பங்கொழுந்து கொத்து. சொறியணும்னு துடிக்கும்போது நகத்துக்கு பதிலா கழுவி வச்ச கொழுந்தால மெல்ல வருடி விடறது. அரிப்பு தீர்ற மாதிரியும் இருக்கு, தோலும் கிழியறதில்ல. விலை இல்ல, ரீஃபில் மரத்துலயே இருக்கு. லோஷன் காய்ஞ்சு அடுத்த தடவை போடற வரைக்கும் உள்ள இடைவெளிக்கு இது அருமையான ஜோடி.

இப்ப ஆபத்துன்னு சொன்னேனே, அந்தக் கதைக்கு வர்றேன். பையனை தனி ரூம்ல வச்சோம், தட்டு டம்ளர் துண்டு எல்லாம் தனி. ஆனா இந்த வைரஸ் பொட்டு தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே மூச்சுக்காத்து வழியா பரவ ஆரம்பிச்சிடும், எல்லா கொப்புளமும் பொருக்கு கட்டற வரைக்கும் பரவும். ஒரு வீட்ல முன்னப்பின்ன வராதவங்க 10 பேர் இருந்தா 9 பேரைப் பிடிக்கற அளவுக்கு ஒட்டும். பிடிச்சாலும் உடனே தெரியாது, 10 நாள்ல இருந்து 21 நாள் வரைக்கும் உள்ள பதுங்கி இருந்துட்டுத்தான் வெளிய வரும். எனக்கு சின்ன வயசுலயே வந்து போயிடுச்சு, அத்தைக்கும் அப்படியே. எங்க வீட்டுக்காரருக்கு வந்ததில்ல. பையன் பொருக்கு உதிர்ந்து ஸ்கூலுக்கு கிளம்பற நேரத்துல அவருக்கு காய்ச்சல், இடுப்பு வலி, மறுநாள் காலைல ஷேவ் பண்ணும்போது தாடையில நீர் கோத்த முத்து.

பெரியவங்களுக்கு இது வேற வியாதி மாதிரிதான், பேருதான் சின்னம்மை. காய்ச்சல் அதிகம், கொப்புளம் அதிகம், நுரையீரலுக்கு இறங்கி நிமோனியா ஆகற வாய்ப்பும் புள்ளைங்களைவிட அதிகம், சிகரெட் பிடிக்கறவங்களுக்கு இன்னும் மோசம். அசைக்ளோவிர்னு வைரஸுக்கே ஒரு மாத்திரை இருக்கு, அதை முதல் பொட்டு வந்து 24 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா வேலை செய்யும், லோஷனைத் தடவிகிட்டு மூணு நாள் பாக்கலாம்னு உக்காந்தா அந்த நேரம் போயிடும். அவருக்கு 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு அஞ்சு வேளை, ஒரு வாரம்னு டாக்டர் எழுதினார், கூட நிறைய தண்ணி குடிக்கச் சொன்னார். இது அவருக்கு எழுதினது, நீங்களா கடையில கேட்டு வாங்கிப் போடாதீங்க, கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு அளவு மாறும். அத்தையை எப்படி சமாளிச்சீங்கன்னு கேக்கறீங்களா, அந்த மாத்திரையையும் மஞ்சத்துணி பக்கத்துல வச்சு கும்பிட்டுட்டு அப்புறம் குடுத்தாங்க, நான் ஒண்ணும் சொல்லல.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும்தான், எடைக்கு தகுந்த அளவு. ஆஸ்பிரின் புள்ளைங்களுக்கு குடுக்கவே கூடாது, ரேஸ் சிண்ட்ரோம்னு மூளையையும் ஈரலையும் தாக்கற சிக்கல் வரலாம். ஐபுப்ரோஃபென் சிரப் நிறைய வீட்ல ஃப்ரிட்ஜ் கதவுலயே இருக்கும், அம்மை நேரத்துல அதுவும் வேணாம், தோல்ல பாக்டீரியா ஆழமா இறங்கற சிக்கலோட அதை சேர்த்துப் பேசறாங்க. மூச்சு வாங்குது, இருமல் கூடுது, நினைவு மங்குது, விட்ட காய்ச்சல் திரும்ப வருது, ஒரு கொப்புளத்தைச் சுத்தி சிவந்து சூடா வீங்குதுன்னா லோஷன் பாட்டிலைக் கீழ வச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. வீட்ல மாசமா இருக்கறவங்க, பச்சைக்குழந்தை, கேன்சர் ட்ரீட்மென்ட்ல இருக்கறவங்க, ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுக்கறவங்க இருந்தா, அவங்களுக்கு எதுவும் வராதபோதே டாக்டருக்கு போன் பண்ணிடணும்.

பாப்பா விஷயம் சொல்லாம விட்டா இந்த ரிவ்யூ முழுசாகாது. அவளுக்கு சின்னம்மை தடுப்பூசி ரெண்டு டோஸும் போட்டிருந்துச்சு. அரசாங்கம் இலவசமா போடற லிஸ்ட்ல இது இல்ல, ப்ரைவேட்ல காசு குடுத்துதான் போடணும், பையனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல போட்டதோட சரி, அதனால அவனுக்கு இது கிடையாது. ரெண்டு பேரும் ஒரே வீடு, ஒரே காத்து. அவளுக்கு வயித்துல நாலஞ்சு சிவப்புப் பொட்டு, காய்ச்சல் இல்ல, லோஷன் வைக்க கூப்பிட்டா ஓடறா. இந்த ஊசியை 1974ல கண்டுபிடிச்சவர் ஜப்பான்காரர் மிச்சியாக்கி தகாஹாஷி, 1964ல அவரோட சின்னப் பையனுக்கு அம்மை முத்திப்போய் மூச்சுத் திணறி ராத்திரி பூரா பக்கத்துல உக்காந்து பாத்துகிட்டு இருந்தாராம், அதுல இருந்து பிறந்த யோசனை அது. வீட்ல ஒருத்தருக்கு வந்த மூணு நாளைக்குள்ள, மிஞ்சிப்போனா அஞ்சு நாளைக்குள்ள, வராத மத்தவங்களுக்கு ஊசி போட்டாலும் தடுக்கவோ வீரியத்தைக் குறைக்கவோ வாய்ப்பு இருக்கு. கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பு சக்தி ரொம்ப குறைஞ்சவங்களுக்கும் இந்த ஊசி கூடாது.

மறுபடி லோஷன். குறைன்னு பாத்தா, வாசம். ஆஸ்பத்திரி வராண்டாவுல நிக்கற மாதிரி ஃபீனால் நெடி, அவருக்கு சாப்பாடே இறங்கல. கறுப்பு டி-ஷர்ட், தலையணை உறை எல்லாம் ரோஸ் பவுடர், ஆனா துவைச்சா போயிடுது. தலைமுடிக்குள்ளயும் தாடிக்குள்ளயும் போடவே போடாதீங்க, முடியோட சேர்ந்து கட்டிகிட்டு எடுக்கறதுக்குள்ள பொருக்கும் பிஞ்சு வரும். கண்ணுக்கிட்ட, வாய்க்குள்ள, மர்ம உறுப்புல கூடாது, வாய்ப்புண்ணுக்கு உப்புத்தண்ணி கொப்பளிக்கறதுதான். சில பாட்டிலோட வாய் பெருசு, கொஞ்சம் சாய்ச்சா கிண்ணம் நிறைஞ்சிடுது, சின்ன மூக்கு வச்ச மூடி இருக்கறதா பாத்து எடுங்க.

தழும்புக்கு இது எதுவும் பண்ணாது. பையனுக்கு நெத்தியில சொறிஞ்ச ஒண்ணு மட்டும் பள்ளமா நின்னுடுச்சு, சொறியாத இடமெல்லாம் முதல்ல கறுப்பா இருந்து இப்ப மங்கிகிட்டு வருது. பொருக்கைப் பிய்க்காம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

அக்கிக்கு போடலாமான்னு அத்தையே கேட்டாங்க, அவங்களுக்கு சில வருஷம் முன்னாடி இடுப்புல ஒரு பக்கமா அக்கி வந்து, குயவர் வீட்ல காவியால எழுதிகிட்டு வந்தாங்க. சின்ன வயசுல வந்த அதே அம்மை வைரஸ்தான் நரம்போரத்துல தூங்கிகிட்டு இருந்து வயசானப்புறம் அக்கியா எழும்பி வருதுன்னு டாக்டர் சொன்னப்ப அவங்களுக்கு ஆச்சரியம். மேல் அரிப்புக்கு லோஷன் போடலாம், ஆனா அக்கியில படுத்தறது நரம்பு வலி, அதுக்கு இது ஒண்ணுமே பண்ணாது. அதுக்கும் அசைக்ளோவிர் மாதிரி மாத்திரைதான், அதையும் 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். இன்னொண்ணு, அக்கி கொப்புளத்து நீர்ல இருந்து அம்மை வராத புள்ளைங்களுக்கு அம்மை ஒட்டும், மூடி வைக்கணும்.

மார்க் போடணும்னா அரிப்புக்கு 5க்கு 4, ஒண்ணு அந்த நெடிக்காக குறைச்சிருக்கேன். அம்மைக்கு வைத்தியம்னு கேட்டா 0, அது இதோட வேலையே இல்ல. வாங்கறப்ப ஒரேடியா அஞ்சாறு பாட்டில் அடுக்காதீங்க, புதுசா முத்து போடறது நாலஞ்சு நாள்ல நின்னுடும், பொருக்கு கட்டினதுக்கு அப்புறம் இது தேவைப்படாது. எங்ககிட்ட கடைசி பாட்டில்ல கால்வாசி மிஞ்சிச்சு, திறந்த தேதியை மூடியில எழுதி வச்சிருக்கேன், இப்போதைக்கு பாப்பாவோட வேர்க்குருவுக்கு ஓடிகிட்டு இருக்கு.